தாம்பரம் 5.1

“தாம்பரத்தில் குடியிருக்கிறவனுக்கு ஹோம் தியேட்டர் எதற்குடா?” என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான் சார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு. ராத்திரி ரெண்டு மணிக்கும் அங்கே ஹாரன் உண்டு. அதை ஒட்டிய டிராக்கில் (நிஜ டிராக்!) மின்சார ரயில். 1931-லிருந்து பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் போய்ப் போய் வருகிறது. தலைக்கு மேலே விமானப்படையின் பயிற்சி விமானம். இங்கே இருப்பது, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியார்களுக்கே கற்றுத்தருகிற பள்ளிக்கூடம். அதனால் வட்டம் போடுவதில் குறைவே இருக்காது. போதாததற்கு மாடியில் ஹவுஸ் ஓனர். ஆக, இடம், வலம், பின்னால், மேலே என்று எல்லாத் திசையிலிருந்தும் சத்தம் இலவசமாக வருகிற ஊர். இதில் காசு கொடுத்து ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பெட்டியும் வாங்குவானேன்?

வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் அமைதிக்காகத்தான் தாம்பரத்தைத் தேடி வந்தார்கள். நல்ல காற்றும் ஓய்வும் வேண்டும் என்று 1928-ல் இங்கே காசநோய் சானடோரியம் வந்தது. சந்தடி மிகுந்த ஜார்ஜ் டவுனை விட்டு 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி இங்கே காட்டுக்குள் குடிபுகுந்தது. அவர்களைத் தொடர்ந்து மற்ற எல்லாரும் அமைதியைத் தேடி வந்தோம். வந்ததும் அது போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2015 தீபாவளிக்கு நான் ஒரு 5.1 ஹோம் தியேட்டர் வாங்கினேன். வீட்டில் சொன்ன காரணம் ஒன்று, நிஜக் காரணம் ஒன்று. (பி.காம். படித்தவன் எதற்கும் இரண்டு கணக்கு வைத்திருப்பான்.)

வீட்டில் சொன்னது: “அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்கலை. நல்ல ஸ்பீக்கர் இருந்தா அவரும் படம் பார்ப்பார்.”

நிஜம்: போனஸ் வந்திருந்தது. ஆபீஸ் சகா ஒருவன் வீட்டில் ஹோம் தியேட்டரில் ஒரு சண்டைப் படம் போட்டுக் காட்டினான். உட்கார்ந்திருந்த சோபா அதிர்ந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா முப்பது வருஷம் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் முன்னால் நின்றவர். ரிட்டயர் ஆகும்போது ஒரு சுவர்க் கடிகாரமும், காதுக்குள் ஒரு ‘ஙொய்’ சத்தமும் கொடுத்து அனுப்பினார்கள். அதன்பின் வீட்டில் நடந்த சம்பாஷணைகள் இந்த ரகம்:

“ஏங்க, தட்டு எடுங்க. சாப்பிடலாம்.”

“பட்டா? இப்ப எதுக்குடி பட்டு?”

“நான் நிஜமாவே பட்டு கேட்டா மட்டும் இந்த மனுஷருக்குச் சுத்தமா கேட்காது!” என்பாள் அம்மா.

நாங்கள் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார். டி.வி.யில் காமெடி ஓடும்போதும் அப்படித்தான். நாங்கள் சிரித்து ஒரு நொடி கழித்து அவர் சிரிப்பார். வயசானால் எல்லாமே கொஞ்சம் லேட்டாகத்தானே என்று நினைத்துக்கொண்டோம். கொஞ்ச நாளில் டி.வி. முன்னால் உட்காருவதையே குறைத்துக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

* * *

ரிச்சி தெரு உங்களுக்குத் தெரியும். மவுண்ட் ரோடில் கொஞ்சம் உள்ளே தள்ளி, நரசிங்கபுரம் தெருவோடு பின்னிக்கொண்டு கிடக்கும் எலெக்ட்ரானிக்ஸ் கடல். அங்கே ஒரு கடையில் பெட்டியைத் தட்டிக் காட்டினார் கடைக்காரர்.

“ஐயாயிரம் வாட் சார்!”

“விலை?”

“நாலாயிரத்து ஐந்நூறு.”

ஒரு வாட்டுக்கு ஒரு ரூபாய் கூட இல்லை! இதைவிட லாபமான வியாபாரம் உண்டா? வாங்கிவிட்டேன்.

அந்த ஐயாயிரம் என்னவென்று பிற்பாடுதான் தெரிந்தது. அது பி.எம்.பி.ஓ. கணக்கு. ஒரு கண் சிமிட்டும் நேரத்தில், எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து, உயிரை விட்டுக் கத்தினால் என்ன வரலாம் என்று கம்பெனிக்காரர் மனசுக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கு. இதற்குப் பொதுவான அளவுகோல் ஏதும் கிடையாது. ஆர்.எம்.எஸ். என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. தொடர்ந்து பாடினால் நிஜமாக எவ்வளவு வரும் என்பது அது. பி.எம்.பி.ஓ. என்பது பெண் பார்க்க வரும்போது மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளம். ஆர்.எம்.எஸ். என்பது பிடித்தமெல்லாம் போக ஒன்றாம் தேதி கைக்கு வருவது.

பெட்டியின் பின்னால் சின்ன எழுத்தில் ‘மின் தேவை 60 வாட்’ என்று போட்டிருந்தது. 60 வாட் உள்ளே போய் 5,000 வாட் வெளியே வரும் என்றால், அதை ஹோம் தியேட்டராக ஏன் விற்க வேண்டும்? மின்சார வாரியத்துக்கே விற்றிருக்கலாமே! பாலன்ஸ் ஷீட் படித்தவன் நான். வரவைவிட செலவு எண்பது மடங்கு எப்படி என்று அந்தக் கடையிலேயே கேட்டிருக்க வேண்டாமா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் ஓசை 3 டெசிபல்தான் ஏறும். ‘சத்தம் ரெண்டு மடங்கு ஆச்சு’ என்று காதுக்குத் தோன்றவே ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் 40 வாட்டா, 60 வாட்டா என்று கடையில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பூரில் சாயங்கால லோக்கலில் ஏறினேன். சேத்துப்பட்டில் பெட்டியை முறைத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் திட்டினார்கள். மாம்பலத்தில் ஏறிய ஒரு பெரியவர் என்னைக் கேட்காமலே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். தி.நகரில் வாங்கிய பாத்திர மூட்டை அவர் மடியில். கிண்டி, பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம்... எழுந்திருக்கவில்லை. ‘சானடோரியம் வந்தாச்சு சார்’ என்று மெதுவாகச் சொன்னேன். “நான் தாம்பரம்தான் தம்பி. நீ நிம்மதியா நில்லு” என்றார். ஆக, என் ஹோம் தியேட்டர் வீட்டுக்கு வருமுன்பே ஹவுஸ்ஃபுல்!

* * *

எங்கள் வீடு முடிச்சூர் ரோடில், ஒரு குறுக்குத் தெருவில், தரைத் தளம். ஹால் பத்துக்குப் பன்னிரண்டு.

கூட வந்த புத்தகத்தில் படம் போட்டிருந்தார்கள். டி.வி.க்கு இரு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர், டி.வி.க்குக் கீழே நடு ஸ்பீக்கர், உட்காருபவருக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி இரண்டு. ‘புள்ளி ஒன்று’ என்கிற தடியன், அதாவது சப்-வூஃபர், தரையில். படத்தில் இருந்த ஹாலில் ஒரு சோபாவும் ஒரு பூந்தொட்டியும் மட்டுமே இருந்தன. அந்த வீட்டுக்காரர்களுக்குத் துணிமணி, அரிசி டின், பீரோ எதுவும் கிடையாது போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் இன்னொரு சட்டம். “சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது” என்று ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லியிருந்தார். அதனால் பின் ஸ்பீக்கர்களில் ஒன்று ஃப்ரிட்ஜ் தலையில் ஏறியது. மற்றது சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் அமர்ந்தது. அம்மா அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

வயர்கள் வீடு முழுக்க ஓடின. “இது வீடா, ஈ.பி. ஆபீஸா? எங்கே பெருக்கறது, எங்கே துடைக்கறது?” என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கேபிள் பெட்டியிலிருந்து சிவப்பு, வெள்ளை வயரைச் செருகி ஆன் செய்தேன். ஐந்து ஸ்பீக்கரும் ஒரே பாட்டைப் பாடின. “ஹெலிகாப்டர் பின்னாலேர்ந்து முன்னால போகும்னியே?” என்றாள் தங்கை. போகாது. ஏனென்றால் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று வந்ததே இரண்டு தடம்தான். இரண்டை ஐந்தாகப் பங்கு போட்டுப் பந்தி விசாரிக்கிறது அந்தப் பெட்டி. நிஜமான 5.1 வேண்டுமென்றால் அது டிஸ்க்கிலேயே ஆறு தடமாகப் பதிவாகியிருக்க வேண்டும். அதைப் பிரித்துத் தரும் பிளேயர் வேண்டும். அதிலிருந்து ஆறு வயரோ, தகுந்த டிஜிட்டல் வயரோ வர வேண்டும். 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ சரவுண்டோடு வந்தபோது அதற்காகத் தியேட்டர்காரர்களே சாமான் வாங்க வேண்டியிருந்தது. நான் ஒரு சிவப்பு வயரை வைத்துக்கொண்டு ஹெலிகாப்டர் எதிர்பார்க்கிறேன்!

ஆனால் அந்த சப்-வூஃபர் மட்டும் ஏமாற்றவில்லை. ஒரு குத்துப் பாட்டுக்கு வால்யூமை ஏற்றினேன் பாருங்கள்... ஜன்னல் கண்ணாடி ஆடியது. முருகனுக்குப் பக்கத்து ஸ்பீக்கர் ஆடியது. ஐந்தாவது நிமிஷம் ஹவுஸ் ஓனர் வாசலில் நின்றார்.

“தம்பி, எங்க கிச்சன்ல தட்டு, டம்ளர் எல்லாம் நடந்து போகுது!”

காரணம் பிற்பாடு படித்தேன். 40 ஹெர்ட்ஸ் பாஸ் ஒலியின் ஒரு அலை நீளம் சுமார் 28 அடி. எங்கள் ஹால் 12 அடி. இடம் போதாமல் மிச்சம் மாடிக்குப் போயிருக்கிறது. தவிர, சப்-வூஃபரைச் சுவர் மூலையில் வைத்தால் பாஸ் இன்னும் தடிக்கும். நான் மூலையில்தான் வைத்திருந்தேன். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, ராத்திரியில் 45 டெசிபல்தான் என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. ராத்திரி என்றால் பத்திலிருந்து காலை ஆறு. ஹவுஸ் ஓனருக்கு இந்த விதி தெரிந்திருந்தால் என் அட்வான்ஸ் திரும்பி வந்திருக்காது.

இவ்வளவுக்கும் யாருக்காக வாங்கினேனோ அவர் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்.

“என்னப்பா, நல்லா கேட்குதா?” என்று கத்தினேன்.

“சத்தம் கேட்குதுடா. பேசறதுதான் கேட்கலை.”

நான் வால்யூமை இன்னும் இரண்டு ஏற்றினேன். அப்பா வாசல் நாற்காலிக்குப் போய்விட்டார்.

* * *

தீபாவளி நவம்பர் 10. அடுத்த வாரமே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளம். எங்கள் தெருவில் முழங்கால் வரை வந்து, வாசற்படியைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. தப்பித்தோம் என்று நினைத்தோம்.

டிசம்பர் 1. அதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி அடையாற்றில் இறங்க, ஆறு எங்கள் தெருவைத் தன் வாய்க்கால் என்று நினைத்துக்கொண்டது.

கரண்ட் போயிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பத்திரம், ரேஷன் கார்டு, அம்மாவின் நகை டப்பா என்று தூக்கிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பார்த்தேன். என் சப்-வூஃபர் மூலையிலிருந்து கிளம்பி, மெதுவாக, ஹாலின் குறுக்கே மிதந்து வந்தது. முன்னால் இருக்கும் ஓட்டை வழியாகத் தண்ணீர் குடித்தது. ‘குளுக்’ என்று ஒரு சத்தம். அதுதான் அது போட்ட கடைசி பாஸ்.

இந்த மலிவு செட்களில் ஒரு விஷயம். ஆம்ப்ளிஃபயர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாமே சப்-வூஃபர் பெட்டிக்குள்தான். மற்ற ஐந்தும் வெறும் வாய்கள். மூளை அங்கே. மூளை தரையில். தாம்பரத்தில்.

“மேல வாங்க சார்! எல்லாரும் மேல வாங்க!” படிக்கட்டில் நின்று கூப்பிட்டவர் ஹவுஸ் ஓனர். மூன்று வாரம் முன்னால் தட்டு நடக்கிறது என்று சண்டைக்கு வந்தவர். அந்தத் தட்டிலேயே எங்களுக்கு உப்புமா போட்டார். இரண்டு ராத்திரி அவர் வீட்டு ஹாலில் படுத்திருந்தோம்.

இரண்டாவது ராத்திரியில் மழை விட்டிருந்தது. மொட்டை மாடிக்குப் போனேன். அப்பா கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது எனக்கு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. சத்தம் இல்லை! ரயில் இல்லை. ஏர்போர்ட்டை மூடியிருந்தார்கள். ஜி.எஸ்.டி. ரோடு ஹாரன் இல்லை. ஃபேன், ஃப்ரிட்ஜ், மிக்ஸி, பக்கத்து வீட்டு சீரியல் ஒன்றுமில்லை. தாம்பரத்தின் மொத்த ஹோம் தியேட்டரையும் யாரோ பிளக்கைப் பிடுங்கி வைத்த மாதிரி இருந்தது.

“பயமா இருக்காப்பா?” என்றேன். சாதாரணக் குரலில். பழக்கத்தில் கத்தவில்லை; மாடியில் எல்லாரும் தூங்குகிறார்களே என்று.

“பயம் என்னடா. போனா சாமான்தானே?” என்றார்.

பதில் சரியாக வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்னொன்று கேட்டேன். அதற்கும் சரியான பதில். ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு, கத்தாமல், ‘என்ன? என்ன?’ இல்லாமல், நானும் அப்பாவும் ஒரு மணி நேரம் பேசினோம். பிரஸ் மெஷின் பற்றிச் சொன்னார். ஆரம்பத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாராம். சூப்பர்வைசர் கூப்பிட்டது கேட்காமல் ஒருநாள் திட்டு விழுந்ததும் எடுத்துவிட்டாராம்.

“அப்புறம் ஏம்ப்பா எங்களோட உட்கார்ந்து டி.வி. பார்க்கறதில்லை?”

கொஞ்சம் தயங்கினார்.

“நீங்க சிரிக்கறப்போ நானும் சிரிப்பேன். எதுக்குன்னு தெரியாதுடா. எத்தனை நாள் அப்படியே சிரிக்கறது?”

வெள்ளத்தில் போன எதற்கும் நான் அழவில்லை சார். இதற்கு அழுதேன். இருட்டு, தெரிந்திருக்காது.

* * *

தண்ணீர் வடிந்தது. சேறு அள்ளி முடிக்கவே பதினைந்து நாள். பிறகு சப்-வூஃபரைத் தூக்கிக்கொண்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். (பெயர் வேண்டாம்.) பெட்டியை மூக்கால் மட்டும் பார்த்தார் அங்கிருந்தவர். “வாட்டர் டேமேஜ் வாரண்டில வராது சார்.” வாரண்டி அட்டையும்தான் தண்ணீரில் போயிற்று என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் வந்தேன்.

சேலையூர்ப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். திறந்து பார்த்தார். மரத்தூளை அழுத்திச் செய்த பெட்டி, டீயில் போட்ட ரொட்டி மாதிரி ஊதிப் போயிருந்தது. கூம்புக் காகிதம் கரைந்துவிட்டது. உள்ளே ஒரு பல்லி வேறு, பாவம்.

“போர்டு ஓடும்போது தண்ணி படலை. அதனால பொழைச்சிருக்கு. கழுவிக் காய வெச்சா வந்துடும். டிரான்ஸ்ஃபார்மர் புதுசு போடணும். பெட்டியும் ஸ்பீக்கரும் பல்லாவரம் சந்தையில பாரு தம்பி. ஓம் பார்த்து வாங்கு. நாலுக்குக் கீழ போச்சுன்னா ஐ.சி. சூடாகி வெடிச்சுடும்.”

பல்லாவரம் சந்தை வெள்ளிக்கிழமை தோறும். ஆபீஸில் ‘காய்ச்சல்’ என்று சொல்லிவிட்டுப் போனேன். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்தில்தான் பழைய கற்காலக் கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் ஆதி மனிதன் வாழ்ந்ததற்கு அதுதான் முதல் சாட்சி. அன்றிலிருந்து பல்லாவரத்தில் பழைய சாமான் கிடைப்பது நிற்கவேயில்லை! லவ் பேர்ட்ஸ் கூண்டு, ரோஜாச் செடி, ஜார் இல்லாத மிக்ஸி, மிக்ஸி இல்லாத ஜார், குவியல் குவியலாக ரிமோட். அந்த ஜனவரியில் பாதிச் சாமானில் சேற்றுக் கோடு தெரிந்தது. யார் யார் வீட்டு ஹால்களோ!

ஒரு பழைய ஜப்பான் செட்டின் ஸ்பீக்கர் ஒன்று கண்ணில் பட்டது. நீளமாக, கனமாக.

“ஓம் எவ்வளவுண்ணே?”

“ஓமா? அந்தப் பக்கம் சாமி படம் விக்கறாங்க, அங்க கேளு.”

பின்பக்கத்தை நானே திருப்பிப் பார்த்தேன். 6 ஓம். கீழே ‘சென்டர்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் தேடி வந்தது வூஃபர். இது நடு ஸ்பீக்கர். போகட்டும் என்று அதையும் 250 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன்.

மெக்கானிக் அண்ணன் அதைப் பார்த்ததும், “இது யாருக்கு?” என்றார். அப்பா கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“நீ தப்பான பக்கம் சத்தம் ஏத்தியிருக்கே தம்பி. பெரியவருக்குக் கேட்காதது மேல் சத்தம். நீ கீழ் சத்தத்தை ஏத்தி, கேட்டுக்கிட்டிருந்ததையும் மூடிட்டே. சப்பைக் குறை. நடு ஸ்பீக்கரை ஏத்து. பேச்சு எல்லாம் அதுலதான் வரும்.”

ஒரு காது டாக்டர் பிற்பாடு வரைபடம் போட்டுக் காட்டிச் சொன்னதும் இதேதான். இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதி. அப்பாவின் வரைபடம், நன்றாகப் போய்க்கொண்டிருந்த கம்பெனியின் ஷேர் ஒரே நாளில் விழுந்த மாதிரி, அங்கே சரிந்திருந்தது. ‘அ’, ‘ஆ’, ‘ஓ’ எல்லாம் கீழ் ஸ்தாயி, பலமாகக் கேட்கும். க, ச, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கமான ஒலிகள் மேலே இருக்கின்றன. அதனால் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. தட்டு பட்டாகும். பின்னால் இரைச்சல் இருந்தால் இன்னும் மோசம். மொட்டை மாடியில் நடந்த அதிசயத்துக்கு அதுதான் காரணம்.

* * *

பொங்கலுக்கு முன்பாக செட் திரும்பி வந்தது. பிளைவுட் பெட்டிக்குள் மூளை. இந்த முறை அதைத் தரையில் வைக்கவில்லை. மூன்றடிப் பலகை மேல், மூலையை விட்டுத் தள்ளி வைத்தேன். ரிமோட்டில் சப்-வூஃபரை முக்கால்வாசி குறைத்தேன். சந்தை ஸ்பீக்கரை நடுவில் மாட்டி, அதை உச்சத்துக்கு ஏற்றினேன். ஜன்னலைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன்.

டி.வி.யில் ‘காதலிக்க நேரமில்லை’ ஓடியது. 1964-ல் ஸ்ரீதர் எடுத்தது. அந்தக் காலத்து மோனோ ஒலி. ஐந்து ஸ்பீக்கருக்கு மோனோ படமா என்று கேட்பீர்கள். அதில்தான் சூட்சுமம். இடம், வலம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும் ஒலியைத்தான் இந்தப் பெட்டி நடு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. மோனோவில் எல்லாமே ஒன்றுதான். ஆக, மொத்தப் படமும் அந்த 250 ரூபாய் ஸ்பீக்கர் வழியாக வந்தது.

நாகேஷ் பாலையாவிடம் பேய்க் கதை சொல்லும் கட்டம். தெரியாதவர் உண்டா? கதவு, காற்று, காலடி என்று எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே போடுவார் நாகேஷ். அந்தக் காலத்து டி.டி.எஸ். அவர்தான்!

அப்பாவை வாசலிலிருந்து கூப்பிட்டு நடு ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார வைத்தேன். “எனக்கெதுக்குடா” என்றபடிதான் உட்கார்ந்தார். பாலையாவின் முகம் வெளிற ஆரம்பித்தது. நான் டி.வி.யைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சிரித்தார்.

எங்களுக்கு முன்னால் சிரித்தார்.

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். தங்கை என்னைப் பார்த்தாள். மூன்று பேரும் சிரிக்க மறந்துவிட்டோம். அன்று லேட்டாகச் சிரித்தது நாங்கள்தான்.

* * *

அதற்கப்புறம் ஊர் நிறைய மாறிவிட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்துத் தாம்பரம் 2019-ல் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது. 2021-ல் மாநகராட்சி ஆயிற்று. 2023 கடைசியில் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் திறந்தார்கள். ஹோம் தியேட்டரும் மாறிவிட்டது; ஐந்து வாயும் போய், டி.வி.க்குக் கீழே ஒற்றைக் கம்பு மாதிரி சவுண்ட் பார் வந்துவிட்டது. ஆபீஸ் தம்பிகள் என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பி.எம்.பி.ஓ.வைப் படிக்காதீர்கள், ஆர்.எம்.எஸ்.ஸைக் கேளுங்கள். டி.வி.யில் ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வசனத்தை மட்டும் தனியாக ஏற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பாஸைக் கடைசியில் கேளுங்கள். அக்டோபர் பிறந்தால் சப்-வூஃபரைப் பலகை மேல் ஏற்றுங்கள். மிக முக்கியம், வாங்குமுன் வீட்டுப் பெரியவரை எதிரே உட்காரவைத்து, கத்தாமல், “நாங்க எதுக்குச் சிரிக்கிறோம்னு புரியுதா?” என்று ஒருமுறை கேளுங்கள். பல சமயம் வாங்க வேண்டியது ஸ்பீக்கராக இருக்காது.

எங்கள் விஷயத்திலும் அப்படித்தான். அப்பாவுக்கு இப்போது இரண்டு காதிலும் மிஷின். கேட்கிறது. அம்மா அடுக்களையில் முணுமுணுப்பதும் கேட்கிறது. “இவருக்குக் காது கேட்காத காலத்துல நிம்மதியா இருந்தேன்” என்கிறாள்.

போன வாரம் அவர் மிஷின் மாட்டியிருக்கும்போதே, பக்கத்தில் போய், தெளிவாகக் கேட்டாள்.

“ஏங்க, இந்தத் தீபாவளிக்காவது எனக்கு ஒரு பட்டு வேணும்.”

அப்பா எழுந்து அலமாரிக்குப் போனார்.

“இந்தா, தட்டு.”